ஒரு தலைமுறைக்கு மட்டும்: மாமன்னர் கோ-டைகோவின் வீட்டுக் கணக்கு

ஜப்பானின் 96-ஆவது மாமன்னர் கோ-டைகோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1333-இல் ஆரம்பிப்பார்கள். தீவிலிருந்து தப்பினார், காமாகுராவின் படை அரசு வீழ்ந்தது, ஆட்சியைக் கையில் எடுத்தார், மூன்றே ஆண்டில் இழந்தார். பாகப்பிரிவினை வழக்கை நடுவிலிருந்து கேட்கிற மாதிரி இது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு வயலைக் கிரயம் பேசப் போனால் முதலில் மூலப்பத்திரத்தைத்தான் கேட்போம். இவர் கதைக்கான மூலப்பத்திரம் இவர் பிறப்பதற்கு 16 ஆண்டு முன்பு, 1272-இல், கண்ணை மூடிய கொள்ளுத்தாத்தா கோ-சாகாவின் வீட்டில் கிடக்கிறது.

வம்சாவளி வரைய உட்காருகிறவர்கள் பெரிய தாளைக் குறுக்குவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் கோ-சாகா. கீழே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர்: இடப்பக்கம் மூத்தவர் கோ-ஃபுகாகுசா (பிறப்பு 1243), வலப்பக்கம் இளையவர் கமேயாமா (பிறப்பு 1249). இடக்கிளை ஜிம்யோயின், வலக்கிளை டைகாகுஜி. இவை அவர்கள் தங்கிய மாளிகை, மடத்தின் பெயர்கள். மேலத்தெரு வீடு, கீழத்தெரு வீடு என்று நாம் சொல்வதில்லையா, அப்படித்தான். வலப்பக்கம் கமேயாமாவுக்கு மகன் கோ-உடா, அவருக்கு மகன்கள் கோ-நிஜோவும் கோ-டைகோவும். இடப்பக்கம் ஃபுஷிமி, அவருக்குக் கீழே கோ-ஃபுஷிமியும் ஹனசோனோவும். இந்த எட்டுப் பெயரை கோ-சாகாவுக்குக் கீழே போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பல பெயர்களில் வருகிற 'கோ' என்ன என்று கேட்பார்கள். 'பிந்தைய' என்று பொருள். கோ-டைகோ என்றால் பிந்தைய டைகோ. நம்மூர்க் கோயில் சுவரில் சடையவர்மன், மாறவர்மன், குலசேகரன், சுந்தரபாண்டியன் என்று அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வருவதைப் படித்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அங்கே இந்தப் பெயர் வழக்கமாக இறந்த பிறகு சூட்டப்படும். கோ-டைகோ மட்டும் தன் பெயரை உயிரோடிருக்கும்போதே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டார். 897 முதல் 930 வரை ஆண்ட டைகோ, பிரதிநிதி ஆளுநர் யாரும் இல்லாமல் நேரடியாக ஆண்டவர் என்று பெயர் எடுத்தவர். ஆக, தான் எப்படி ஆள நினைத்தார் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார். அவருடைய இயற்பெயர் தகஹாரு.

சண்டையின் விதை இப்படி விழுந்தது. அந்தக் காலத்தில் அங்கே பட்டம் பிள்ளைக்கு, சாவிக்கொத்து அப்பாவுக்கு. அரியணையில் சிறுவன் உட்கார்ந்திருப்பான். பதவி விலகிய தகப்பனார் பின்னாலிருந்து நிர்வாகம் செய்வார். 1246-இல் கோ-சாகா விலகி, மூன்று வயதுகூட நிறையாத மூத்தவரை உட்கார வைத்தார். அந்தப் பிள்ளைக்குப் 16 வயதானதும் இறக்கிவிட்டு, 1260-இல் பத்து வயது இளையவரை ஏற்றினார். அது வரைக்கும்கூடச் சமாளித்திருக்கலாம். 1268-இல் இளையவருடைய கைக்குழந்தை கோ-உடாவைப் பட்டத்து இளவரசர் ஆக்கியதுதான் வினை. மூத்தவருடைய மகன் ஃபுஷிமி அப்போது மூன்று வயதுப் பிள்ளையாக அதே வீட்டில் இருந்தார். (அந்த 1268-இல்தான் இங்கே மாறவர்மன் குலசேகரபாண்டியன் பட்டத்துக்கு வந்தான். அவன் மக்கள் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் பின்னால் மோதிக்கொண்டதும், 1311-இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்ததும் தெரிந்த கதை.)

நான்கு ஆண்டு கழித்து கோ-சாகா இறந்தார். அடுத்து சாவிக்கொத்து யாருக்கு என்று தெளிவாக எழுதி வைக்கவில்லை. காமாகுராவின் படை அரசே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். காமாகுரா விதவைத் தாய் ஓமியா-இன்னைக் கேட்டது. "அவர் மனசில் இளையவன்தான்" என்ற கருத்தில் அந்த அம்மா பதில் சொன்னார். மூத்தவர் துறவு கொள்ளப் போவதாகக் கிளம்ப, காமாகுரா இரக்கப்பட்டு, 1275-இல் மூத்தவர் மகன் ஃபுஷிமியை கோ-உடாவுக்கு அடுத்த இளவரசராக்கியது. இளவரசர் மன்னரைவிட இரண்டு வயது மூத்தவர்! இந்த வேடிக்கை மறுபடியும் வரும்.

அன்று முதல் முறை வைத்து ஆட்சி. தாமிரபரணிக் கால்களில் தண்ணீர் குறைந்த வருஷம் முறைத்தண்ணீர் வைப்பார்களே, அதே ஏற்பாடு. முறைத்தண்ணீரில் எங்கே தகராறு வரும் என்று கடைமடைக்காரரைக் கேட்டால் சொல்வார்: யாருக்கு அடுத்த முறை என்பதில் அவ்வளவாக வராது, ஒரு முறை என்பது எத்தனை நாழிகை என்பதில்தான் வரும். அங்கேயும் அதேதான். முறை உண்டு, கால அளவு எழுதப்படவில்லை. ஃபுஷிமி 1287, கோ-ஃபுஷிமி 1298, கோ-நிஜோ 1301, ஹனசோனோ 1308 என்று மன்னர்கள் ஏறி இறங்கினார்கள். கோ-ஃபுஷிமிக்கு மூன்றே ஆண்டுதான் கிடைத்தது. ஒவ்வொரு கிளையும் காமாகுராவுக்குத் தூதர்களை ஓட்டி, "அவன் இறங்கட்டும்" என்று மனுப் போட்டுக்கொண்டே இருந்தது. 1290-இல் அசஹாரா தமேயோரி என்ற போர்வீரர் அரண்மனைக்குள் புகுந்து ஃபுஷிமியைத் தேடிக் கிடைக்காமல் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். சந்தேகம் கமேயாமாவின் மேல் விழுந்தது.

பட்டத்தை மட்டும் பார்க்கிறவர்கள் நிலத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மூத்த கிளையின் கையில் சோகோதோ என்ற வழிபாட்டு மண்டபத்தின் பெயரில் இருந்த சுமார் 180 பண்ணைகள். இளைய கிளையின் கையில் ஹச்சிஜோ-இன் என்ற இளவரசி வழியாக வந்த 200-க்கும் மேற்பட்ட பண்ணைகள். கோயில் பேரில் நிலத்தை எழுதிவைத்து, குத்தகை வருமானத்தைக் குடும்பம் பார்த்துக்கொள்வது நமக்கும் தெரியாத ஏற்பாடில்லை. இரண்டு கிளைக்கும் தனித்தனியாகச் சோறு இருந்தது. அதனால்தான் யாரும் பட்டினியில் அடங்கிப் போகவில்லை; சண்டை நூறு ஆண்டைத் தாண்டி இழுத்தது.

இனி கோ-டைகோ. 1288-இல் கோ-உடாவின் இரண்டாவது மகனாகப் பிறந்தார். தாய் இட்சுட்சுஜி சூஷி. இரண்டாவது மகன் என்பதால் பட்டத்துக்கான ஆள் இல்லை. அண்ணன் கோ-நிஜோ 1308-இல், 23 வயதில், மன்னராக இருக்கும்போதே இறந்தார். அண்ணன் மகன் குனியோஷி சின்னப் பிள்ளை. கிளையின் முறை தவறிவிடக் கூடாதே என்று இடைக்கட்டாகத் தகஹாருவை இளவரசராக்கினார் அப்பா. அதே ஆண்டு ஒரு சாசனமும் எழுதினார்: கிளையின் நிலங்கள் தகஹாருவுக்கு, ஆனால் ஒரு தலைமுறைக்கு மட்டும், பிறகு எல்லாம் குனியோஷிக்கு. தகஹாருவின் பிள்ளைகள் குனியோஷியின் வழிக்குத் துணையாக இருந்துகொள்ள வேண்டியது. நம் பத்திர எழுத்தர் மொழியில் சொன்னால் ஆயுள்கால அனுபோகம். பிள்ளைகளுக்குப் பாத்தியதை இல்லை.

இந்தச் சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அவர் பின்னால் செய்த ஒவ்வொன்றும் பிடிபடும். சீன நூல்களைப் படித்துப் புரட்சிக்காரர் ஆனார் என்றெல்லாம் சொல்வார்கள். படித்தது உண்மை. ஆனால் கவசம் போட வைத்தது அப்பாவின் எழுத்து என்பது என் முடிவு.

பத்து ஆண்டு இளவரசராகக் காத்திருந்தார். அரியணையில் இருந்த ஹனசோனோ இவரைவிட ஒன்பது வயது இளையவர், தம்பி முறை. 1317-இல் காமாகுரா, "உங்களுக்குள் பேசி முடியுங்கள்" என்றது. பன்போ ஒப்பந்தம் என்று நூல்களில் வருவது இது. பேச்சு நடந்தது, கையெழுத்தான உடன்பாடு என்று எதுவும் பிறக்கவில்லை. ஆளுக்குப் பத்து ஆண்டு என்று முடிவானதாக எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். நடந்தது இவ்வளவுதான்: 1318-இல் கோ-டைகோ அரியணை ஏறினார், அடுத்து குனியோஷி, அவருக்கு அடுத்து மூத்த கிளையின் கசுஹிதோ என்று வரிசை நின்றது. அந்த வரிசையில் கோ-டைகோவின் பிள்ளை ஒருவர்கூட இல்லை.

ஏறும்போது அவருக்கு வயது 29. பொம்மையாக உட்காரும் வயது தாண்டிவிட்டது. 1321-இல் அப்பா சாவிக்கொத்தை இவர் கையில் கொடுத்து ஒதுங்கினார். உடனே பழைய ஆவணக் கழகத்தைத் திறந்து நில வழக்குகளை நேரடியாக விசாரிக்கத் தொடங்கினார். 1324-இல் அப்பா இறந்த சில மாதங்களிலேயே காமாகுராவுக்கு எதிரான சதி ஒன்று வெளிப்பட்டது. அரசவைப் பிரபு ஹினோ சுகேதோமோ பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சாதோ தீவுக்குப் போனார், மன்னர் தப்பினார். 1326-இல் குனியோஷியும் இறந்தார். இனியாவது தன் மகனுக்கு வழி பிறக்கும் என்று பார்த்தால், காமாகுரா கசுஹிதோவை இளவரசராக்கிவிட்டது. அங்கேதான் கதவு சாத்தியது.

வீட்டுப் பெண்களை இந்த இடத்தில் கொண்டுவர வேண்டும். பட்டத்தரசி சயோன்ஜி கிஷி. சயோன்ஜி குடும்பம்தான் அரசவைக்கும் காமாகுராவுக்கும் இடையே தூது பார்த்தது. அந்த வீட்டுப் பெண் வயிற்றில் ஆண் குழந்தை பிறந்திருந்தால் காமாகுராவின் மனத்தைத் திருப்ப வழி இருந்திருக்கும். பெண் பிறந்தது, ஆண் பிறக்கவில்லை. 1326 முதல் அரசியின் பிரசவத்துக்காக என்று நீண்ட வேள்விகள் நடந்தன. போர்க் காவியமான தைஹெய்கி, அது காமாகுராவை ஒழிக்கச் செய்த வேள்வி என்கிறது. குனியோஷி இறந்த ஆண்டையும் வேள்வி தொடங்கிய ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசிக்கு உண்மையிலேயே ஒரு மகன் தேவைப்பட்ட நேரம் அது.

அந்த அரசியின் பணிப்பெண்ணாக 1319-இல் வந்தவர் அனோ ரென்ஷி. நாடுகடத்தலில் கூடவே போனவர், கடைசியில் அடுத்த மன்னரின் தாயானவர். மூன்றாவதாக ஜுன்ஷி. இவர் பங்காளி வீட்டு கோ-ஃபுஷிமியின் மகள். கிஷி 1333-இல் இறந்ததும் அந்த ஆண்டு முடிவதற்குள் இவரைப் பட்டத்தரசி ஆக்கினார். வென்ற கையோடு தோற்ற பங்காளி வீட்டில் பெண் எடுப்பது, சமாதானம் பேசுவதுதான். இன்னொரு பக்கம் கிஷியின் மகள் கன்ஷி, எதிர்க்கிளையின் கோகோனுக்கு மனைவியானார். ஆக, இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டே சம்பந்தமும் செய்துகொண்டன. ரென்ஷியின் மகள் ஷோஷி 1333-இல் இசே பெருங்கோயிலின் இளவரசிப் பூசகியாக நியமிக்கப்பட்டார். போர் வந்ததால் இசேக்குப் போகவே இல்லை. அவரோடு அந்தப் பதவி நின்றுபோயிற்று.

மகன்கள் பக்கம் வந்தால் வம்சாவளி வரைகிறவர்கள் தடுமாறுவார்கள். பல தாய்மார், பல பிள்ளைகள். நூலுக்கு நூல் எண்ணிக்கை ஒத்துப்போகாது. பெயரிலும் சிக்கல். பெரும்பாலான மகன்களின் பெயரில் இரண்டாவது எழுத்து ஒன்றே. அதை 'யோஷி' என்றும் 'நாகா' என்றும் படிக்கலாம். மோரியோஷியும் மோரிநாகாவும் ஒரே ஆள். முனேயோஷியும் முனேநாகாவும் அப்படியே. இது தெரியாமல் பட்டியல் போட்டால் எட்டு மகன் பதினாறாகிவிடுவார்கள். ஒரு வாசிப்பைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே எழுதுங்கள். நான் 'யோஷி' என்று எழுதுகிறேன்.

வயதிலும் ஒரு பள்ளம் உண்டு. பிறந்ததுமே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும் என்பது அவர்களின் பழைய கணக்கு. கோ-டைகோ இறந்தது நம் கணக்கில் 50, அவர்கள் கணக்கில் 52. ஒரு நூலிலிருந்து பிறந்த ஆண்டையும் மற்றொன்றிலிருந்து வயதையும் எடுத்துக் கூட்டினால் ஆண்டு தப்பும். இங்கே நான் தருவது நிறைந்த வயது.

1331-இல் அடுத்த சதியும் உடைந்தது. மன்னர் அரச சின்னங்களோடு கசாகி மலைக்கு ஓடினார். அவர் உடையை மாட்டிக்கொண்டு ஓர் அரசவையினர் ஹியெய் மலைக்குப் போய்ப் படையைத் திசைதிருப்பினார். மலை விழுந்தது, மன்னர் பிடிபட்டார், மூத்த கிளையின் கசுஹிதோ, கோகோன் என்ற பெயரில் அரியணை ஏறினார். 1332-இல் கோ-டைகோவை ஓகி தீவுக்கு அனுப்பினார்கள். மகன்களில் தகயோஷி தோசாவுக்கும் முனேயோஷி சனுகிக்கும் போனார்கள். ஓகி சும்மா பொறுக்கிய இடமில்லை. கோ-சாகாவின் தாத்தா கோ-டோபாவை 1221-இல் அனுப்பியதும் அங்கேதான். அவர் 18 ஆண்டு இருந்து அங்கேயே செத்தார். இவர் ஓராண்டுக்குள் படகேறி ஹோகிக் கரையில் இறங்கினார். நாவா நாகதோஷி ஆதரவு கொடுத்தார். இவரை அடக்க வந்த அஷிகாகா தகாவுஜி கட்சி மாறி கியோட்டோவைப் பிடித்தார். நித்தா யோஷிசாதா காமாகுராவை விழுத்தினார். நன்றிக்கு மன்னர் தன் பெயரிலிருந்தே ஓர் எழுத்தை எடுத்துத் தகாவுஜிக்குக் கொடுத்தார். 'தகா' என்ற ஒலி பழையதுதான், எழுத்து மட்டும் புதிது. எனவே 1333-க்கு முந்தைய ஆவணத்தில் அந்தப் பெயர் வேறு எழுத்தில் இருந்தால் வேறு ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆட்சி ஏன் மூன்றாண்டில் கவிழ்ந்தது? பல காரணம் சொல்வார்கள். நான் முதலில் நிலத்தைச் சொல்வேன். எந்த நிலத்துக்கும் தன் ஆணை இருந்தால்தான் உரிமை செல்லும் என்றார் மன்னர். ஜப்பான் முழுவதற்கும் ஒரே ஜமாபந்தி, அதையும் மன்னரே நேரில் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரம், புதுப் பத்திரம், போலிப் பத்திரம் என்று எல்லாரும் கியோட்டோவுக்கு வந்து குவிந்தார்கள். சில வாரங்களிலேயே பின்வாங்கி, எதிரிகளின் நிலம் தவிர மற்றது இருக்கிறபடியே இருக்கட்டும், மாகாண ஆளுநரே உறுதி செய்யலாம் என்றார். வழக்கு மன்றத்தை நான்கு பிரிவாகத் திறந்து, 1334-இல் எட்டாக்கினார். அதே ஆண்டு கியோட்டோ ஆற்றங்கரையில் ஒட்டப்பட்ட நையாண்டிப் பாட்டு, ஊரில் மலிந்தவை என்று இரவுத் தாக்குதலையும் கொள்ளையையும் போலி அரசாணையையும் சேர்த்துச் சொன்னது. இதற்கு நடுவே புது அரண்மனை கட்ட, நில மேலாளர்களின் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு வரி. போரில் செத்துப் பிழைத்து வந்தவனிடம் கேட்கிற நேரமா அது?

பிள்ளைகளை அவர் முளைக்கம்பு அடிப்பது போல நாடெங்கும் அடித்து வைத்தார். ஐந்து வயது நோரியோஷியை வடக்கே முத்சுவுக்கு, இளைஞர் கிதபதாகே அகியியேயோடு. ஏழு வயது நாரியோஷியை காமாகுராவுக்கு, தகாவுஜியின் தம்பி தடயோஷியோடு. 1334-இல் ரென்ஷியின் மகன் ட்சுனேயோஷி பட்டத்து இளவரசர். 'ஒரு தலைமுறைக்கு மட்டும்' என்ற சாசனம் அன்றைக்குக் கிழிந்தது. கானேயோஷி பிற்பாடு கியூஷுவுக்குப் போனார். அவர் ஒருவர்தான் நிலைத்து நின்றவர்: 1361-இல் அங்கே தலைமையிடமான தசைஃபுவைப் பிடித்தார், மிங் சீனமே அவரை ஜப்பானின் அரசராக எழுதியது.

மிகவும் கெட்டுப்போனது மோரியோஷியின் கதை. தெண்டாய் மடத்தின் தலைமைத் துறவியாக இருந்து, தகப்பனுக்காகக் காவியைக் களைந்து யோஷினோ மலையில் போரிட்டவர். வென்ற பிறகு தளபதிப் பட்டம் கேட்டு வாங்கினார், தகாவுஜியோடு மோதினார். 1334-இல் அரண்மனையிலேயே பிடித்து, எதிரியான தடயோஷியின் கையிலேயே ஒப்படைத்தார்கள். 1335-இல் காமாகுராவில் கலகம் வந்து தடயோஷி ஓடும்போது, இவரை விட்டுப்போனால் ஆபத்து என்று கொன்றுவிட்டார்கள். தைஹெய்கி ரென்ஷியின் கோள்மூட்டல் என்று பழி போடுகிறது. சிற்றன்னை மேல் பழி போடுவது கதைக்கு வசதி. அப்பாவின் ஒப்புதல் இல்லாமல் அரண்மனைக்குள் ஓர் இளவரசரைக் கட்ட முடியுமா?

1336-இல் தகாவுஜி திரும்பி வந்து கியோட்டோவை எடுத்தார். வெறும் கலகக்காரர் என்ற பெயர் வராமலிருக்க, பங்காளி வீட்டு கோகோனிடம் ஆணை வாங்கிக்கொண்டு வந்தார். கோகோனின் தம்பி கோம்யோவை ஏற்றினார். கோ-டைகோ வாள், கண்ணாடி, மணி என்ற சின்னங்களைக் கொடுத்துவிட்டு, ஆண்டுக் கடைசியில் யோஷினோ மலைக்குத் தப்பி, கொடுத்தது போலி என்று அறிவித்தார். அவர்களின் நாட்காட்டியில் அது பன்னிரண்டாம் மாதம். நம் நாட்காட்டியில் 1337 ஜனவரி ஆகிவிட்டது. இரண்டு ஆண்டும் நூல்களில் வரும், இரண்டும் சரிதான். அதற்குப் பிறகு கியோட்டோவில் வடக்கு, யோஷினோவில் தெற்கு என்று இரண்டு அரசவை, இரண்டு ஆண்டுப் பெயர். பாண்டியர் கல்வெட்டில் 'யாண்டு இத்தனைக்கு எதிர் இத்தனை' என்று கூட்டிப் பழகியவர்கள் இங்கே கூட்டல் போடத் தேவையில்லை. எந்த அரசவையின் ஆவணம் என்று மட்டும் முதலில் பார்த்தால் போதும்.

வடக்கே அனுப்பிய தகயோஷி 1337-இல் கனேகசாகிக் கோட்டையில் தற்கொலை செய்துகொண்டார்; ட்சுனேயோஷி அங்கே பிடிபட்டு அடுத்த ஆண்டு இறந்தார். 1339-இல் யோஷினோவில் கோ-டைகோ நோரியோஷியிடம் பட்டத்தைக் கொடுத்து மறுநாள் இறந்தார். அந்த நோரியோஷிதான் கோ-முரகாமி, 97. அவருக்கு அடுத்தவர்கள் சோகேய் 98, கோ-கமேயாமா 99. 1392-இல் கோ-கமேயாமா சின்னங்களை வடக்கே ஒப்படைத்தார். இனி முறை வைத்து ஆளலாம் என்ற வாக்கோடு. 1412-இல் வடக்கு மன்னர் தன் மகனையே ஏற்றினார். பிறகு 1911-இல் தெற்குக் கிளையே முறையான வழி என்று அறிவித்தது, வடக்குக் கிளையின் வழிவந்த மெய்ஜி மன்னரின் அரசு! அதனால்தான் கோகோன், கோம்யோ முதலானவர்களுக்கு மொத்த வரிசையில் எண் கிடையாது, தனி எண்தான். சோகேய் 1926-இல்தான் பட்டியலில் ஏறினார். அதற்கு முந்தைய நூல்களில் எண் ஒன்று தள்ளி நிற்கும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு இடம். யோஷினோவில் நியோயிரின் மடத்தின் பின்னால் சமாதி. தலைநகர் இருக்கும் திசை பார்த்து, வடக்கு முகமாக. மற்றது கியோட்டோவின் மேற்கே தென்ரியூ மடம். கோ-டைகோவின் ஆவி சாந்திக்காக அதைக் கட்டியவர் தகாவுஜியேதான். துறவி முசோ சோசெகி முன்னின்று நடத்தினார். பணம் போதாமல் 1342-இல் சீனத்துக்கு வணிகக் கப்பல் விட்டார்கள்; லாபமோ நட்டமோ, 5,000 கன் (ஒரு கன் ஆயிரம் காசு) மடத்துக்குத் தருவதாக வணிகர் எழுதிக் கொடுத்தார். அந்த மனைக்கட்டு, கோ-சாகா கட்டி வாழ்ந்த கமேயாமா மாளிகை நின்ற இடம்.